உமிக்குத் தீ, விறகுக்குத் தண்டம்

வவுனியாப் பூவரசங்குளத்தில் காலபோக அறுவடை முடிந்த கையோடு வயலுக்கு நெருப்பு வைப்பார்கள். மிசின் துப்பிவிட்டுப் போன வைக்கோல் வரப்புவரை கிடந்து எரியும். ஆலையடி உமிக் கும்பி அடியில் கனன்று நாட்கணக்கில் புகையும். கொடியில் காயும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கரி விழும். அந்தப் புகைக்குள்ளால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மன்னார் வீதியில் ஏசி வாகனத்தில் போகிறார்களே கனவான்கள், எங்கே போகிறார்கள்? உள்ளூராட்சிச் சபைகளுக்கான நிலைபேறான வலுசக்திப் பயிலரங்குக்கு!

ஆளுக்கொரு கோவை, ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், பதினொரு மணிக்கு ரோல்சும் பற்றிசும். நெல்லில் ஐந்திலொரு பங்கு உமி என்று திரையில் படம் போடுவார்கள். சபைக்காரர் வியப்போடு குறித்துக்கொள்வார்கள். திருகோணமலையில் டோக்கியோ சீமெந்துக்காரன் உமியும் விறகும் எரித்துப் பத்து மெகாவாட் நிலையம் ஓட்டிக் காலமாகிறது. எங்களுடைய உமி இன்னமும் படத்திலேயே நிற்கிறது.

2005 இல் அமைச்சரவை விறகு மரமான கிளிரிசிடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக்கியது. பட்டம் கிடைத்த சங்கதி எங்கள் வேலிக் கதியாலுக்கு இன்றுவரை தெரியாது. 2007 இல் நிலைபேறான வலுசக்திக்கென்றே சட்டம் போட்டு ஓர் அதிகாரசபை அமைத்தார்கள். 2021 இல் செயற்கை உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, சேதனப் பசளை போடு என்று கமக்காரன் கழுத்தில் கத்தி வைத்தார்கள். பசளையாக வேண்டிய வைக்கோல் கண்முன்னே எரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல அந்த நேரம் ஓர் அதிகாரிக்காவது வாய் வரவில்லை.

வவுனியா நகரத்துக் குப்பை பம்பைமடுப் பக்கம் கொட்டுப்படுகிறது. நாற்றம் தாங்காமல் சாளம்பைக்குளத்துச் சனம் 2020 இல் போராடிப் பார்த்தது. பம்பைமடுவில்தான் 2021 ஆகஸ்டிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, பிரயோக விஞ்ஞான பீடத்தோடு. அழுகும் குப்பையும் அதிலிருந்து வாயு எடுக்கிற விஞ்ஞானமும் ஒரே ஊர்க்காரர். இரண்டையும் சந்திக்கவைக்க ஒரு கடிதம் போதும். கடிதம் எழுதவேண்டியவர் பயிலரங்கில் இருக்கிறார்.

கோபம் வருவது இதற்கல்ல. விடியப்புறம் சைக்கிளில் விறகு கட்டி, மிதிக்க இடமில்லாமல் உருட்டிக்கொண்டு பட்டணம் போகிற மனிசனைப் பாருங்கள். பட்ட மரத்துக் கொப்புத்தான். பிடிபட்டால் வழக்கு, தண்டம், சைக்கிளும் பறிபோகும். முதிரைக் குற்றி ஏற்றிய வாகனம் மட்டும் இரவோடிரவாக ஊர் கடந்துவிடும். அதற்கு எந்தக் காவலரணிலும் கண் தெரியாது. மற்ற எரிபொருளெல்லாம் கப்பலில் வரவேண்டிய நாட்டில், சொந்த உயிர்த்திணிவை உண்மையாகவே அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் இவன். இவன் குற்றவாளி, அதைப் படமாக்கிக் காட்டுகிறவர் வளவாளர்!

யாருக்குப் படிப்பிக்கிறார்கள்? போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓ.எல். படித்த சனத்துக்கா? சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கா? 2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு, காஸ் சிலிண்டருக்குத் தெருநீளத்துக்கு வரிசை. அப்போது கொழும்பு விறகடுப்பைத் தேடி ஓடியது. இங்கே அடுப்பு மாறவில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது என்றார் அமைச்சர். அந்தக் குரங்காவது பயிலரங்குக்குப் போகாமல் நேரடியாக உபமின்நிலையத்துக்குப் போயிருக்கிறது.

காசில்லை என்று இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. புதிய உறுப்பினர்களே, கோவையை மூடிவையுங்கள். உங்கள் எல்லைக்குள் எத்தனை ஆலை, எவ்வளவு உமி? வயலில் எரிகிற வைக்கோல் எவ்வளவு? குப்பை உழவு இயந்திரம் மாதம் எத்தனை லீற்றர் டீசல் குடிக்கிறது? ஒரு கொப்பியும் பேனையும் போதும். அதுவும் ஏலாதென்றால் அந்த விறகுக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு கட்டு எத்தனை கிலோ, எந்த விறகு எத்தனை நாள் எரியும் என்று விரல் மடித்துச் சொல்வார். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், உங்கள் திட்ட அறிக்கைக்குப் பின்னிணைப்பாக.