நிற்பதன் பொருட்டு ஓடுதல்: ஓர் ஆய்வு

மனிதன் நெடுந்தூரம் ஓடுவது எற்றுக்கு எனின், நிற்பதற்கு என்க. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

மறுப்பாளர் உளர். 2004இல் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மன் இருவரும் ‘நேச்சர்’ இதழில், மனித உடல் நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே வாய்த்தது என வாதிட்டனர். பிட்டத்தின் பெருந்தசை அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அத்தசை நாற்காலிக்கும் எத்துணைப் பாங்காகப் பொருந்துகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

வரலாறு நம் பக்கமே. 1904, செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான், வெயிலும் புழுதியும். அமெரிக்கர் ஃப்ரெட் லோர்ஸ் ஓட்டத்தை நிறுத்திக் காரில் ஏறினார். பிறகு இறங்கி ஓடி முதலாளாக வந்து சேர்ந்தார். குட்டு உடைந்து தகுதியிழந்தார். கியூபாவின் தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால் வழியில் ஆப்பிள் தின்று, வயிறு நொந்து படுத்துவிட்டார் என்ப. எழுந்து ஓடியும் நான்காமிடம்! நிற்பதிலும் நேர்மை வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நிற்றற்கலையின் பேராசான் ஜப்பானின் ஷிசோ கனகுரி. 1912, ஸ்டாக்ஹோம் மாரத்தானில் வெயில் தாளாமல் ஒரு வீட்டுத் தோட்டத்து விருந்தில் நுழைந்து பழச்சாறு பருகியவர், யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார். 1967இல் சுவீடன் அவரை அழைத்து எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தது. ஆன நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி. இடையில் மணமுடித்தார், பிள்ளைகுட்டி பெற்றார், 1920இல் ஹகோனே எகிடென் தொடரோட்டம் பிறக்கவும் காரணரானார். இடைவேளையை இத்துணைப் பயனுறக் கழித்தார் பிறரிலர்.

அஃதேல், ஓடாமலே நின்றால் ஆகாதோ எனின், ஆகாது. பேருந்து நிறுத்தத்தில் அன்றாடம்தான் நிற்கிறோம். இன்பம் பிறந்ததாக ஒருவரும் கூறார்.

நிற்போர் இருவகையர்: வெளிப்படையாக நின்று இடுப்பில் கைவைப்போர், அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவோர். அடியேன் பின்னவர் மரபு.

கள ஆய்வில் கிடைத்த தரவு ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் கால் கனக்கும். மூச்சு முரண்டு பிடிக்கும். பின் எங்கோ ஓரிடத்தில் மூச்சும் காலடியும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். வேர்வையில் காற்றுப் பட்டு உடம்பு குளிரும்; திரும்ப வேண்டிய முக்கு தாண்டிப் போயிருக்கும்; நிற்கும் எண்ணமே எழாது. துணிபோடு முரண்படுவதால், ஆய்வு மரபுக்கிணங்க, இத்தரவு கணக்கில் கொள்ளப்படவில்லை.