எண்ணெயூர்க்காரன்

மூன்று வாரமாகத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "பேக் சீல் போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பேக் சீல் வண்டியில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

வண்டி என்றால் டிராக்டர். என்னைவிடக் கொஞ்சமே இளையதான ஒரு மாஸி 1035. நானும் மச்சானும் கூட்டாக வாங்கினோம். குப்பத்துக் கரையில் படகு இழுக்கலாம், ஐஸ் ஏற்றலாம், சும்மா நிற்கிற நாளில் தண்ணீர் டேங்கர் மாட்டலாம் என்று மச்சான் ஒரு நோட்டில் கணக்குப் போட்டான். நோட்டில் நல்ல லாபம் வந்தது. நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.

மீஞ்சூர் தாண்டி ஒரு களத்துமேட்டில் வண்டியைப் பார்த்தோம். என்ஜினுக்குக் கீழே மண் கறுப்பாக இருந்தது. "என்னங்க இது?" என்றேன். "பழைய டீசல் என்ஜின் தம்பி, கொஞ்சம் வேர்க்கும்" என்றார் விற்றவர். மே மாத மத்தியானம். எனக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. நியாயமாகவே பட்டது.

இதில் என் தப்பு பாதி, ஊரின் தப்பு பாதி. எண்ணூரில் பிறந்தவனுக்கு 'எனக்கு என்ஜின் தெரியாது' என்று சொல்ல வாய் வராது. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி எங்கள் ஊரில். புல்லட் உருண்டு வந்தது பக்கத்துத் திருவொற்றியூரில். மாஸி டிராக்டர் செய்கிற டாஃபே 1960-ல் ஆரம்பித்ததும் சென்னையில்தான். அதற்கு என்ஜின் கொடுத்த சிம்சனுக்கு 1840-லிருந்து சரித்திரம். நான் வளர்ந்தது லேலண்ட் கேட்டுக்கு எதிர்த்தெரு. அந்தப் பக்கம் காற்றடித்தாலே என்ஜின் அறிவு வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். எண்ணூர்க் காற்றில் என்னென்னவோ வந்து ஒட்டியது. அது மட்டும் ஒட்டவில்லை.

முதல் நாளே நெட்டுக்குப்பம் மணலில் வண்டி போன வழியெல்லாம் கறுப்புப் புள்ளி. மீன் கூடையோடு வந்த ஆயா நின்று பார்த்தார். "இன்னா நைனா, கப்பல்காரன் ஊத்துனது பத்தாதுன்னு நீ வேறயா?" 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி, கசிந்த எண்ணெயைக் கரையெல்லாம் பக்கெட்டால் அள்ளினோமே, அதைச் சொல்கிறார். எர்ணாவூர்ப் பக்கம் பக்கெட்டோடு அரை நாள் நின்று, அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டவன் நான். அன்று ராத்திரி அந்தப் படத்தைத் தேடி எடுத்து டிலீட் செய்தேன்.

ரிப்பேரை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். யூடியூபில் ஒரு பஞ்சாபிக்காரர் இதே வண்டியை வைத்துக்கொண்டு அருமையாக விளக்கினார். அவர் பேசியதில் 'ஆயில்' என்ற வார்த்தை எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

கையை ஆட்டி அவர் காட்டியதில், முதலில் என்ஜினைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று தெரிந்தது. சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கச் சொன்னேன். முப்பது வருடத்து எண்ணெயும் மணலும் சேர்ந்து புட்டு மாதிரி இறுகிப்போனது பாளம் பாளமாக விழுந்தது. வண்டி புதுசு மாதிரி ஆனது. ஸ்டார்ட் செய்தேன். அதுவரை ஒரு இடத்தில் ஒழுகியது நாலு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. இத்தனை நாளும் அழுக்குதான் பேக்கிங்காக வேலை பார்த்திருக்கிறது.

கழுவிய பிறகு பவுடர் தூவ வேண்டும். இதைப் பஞ்சாபிக்காரர் மட்டுமல்ல, டீக்கடையில் ஒருவரும் சொன்னார். என்ஜின் காய்ந்திருக்கும்போது முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டால், கசிகிற இடத்தில் வெள்ளை மேல் கறுப்புக் கோடு விழும். வீட்டிலிருந்த கோகுல் சாண்டல் டப்பாவை எடுத்துப்போய்த் தாராளமாகத் தூவினேன். ஃபேன் பெல்ட்டுக்கு முன்னால் நின்று தூவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்ததும் பாதி டப்பா என் முகத்துக்கு வந்தது. கசிவு எங்கே என்று தெரியவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரு முழுக்கத் தெரிந்தது.

மீதிப் பவுடரில் ஒரு கோடு தெரிந்தது, டேப்பட் கவர் ஓரத்தில். போல்ட்டை டைட் செய்தேன். இன்னும் கசிந்தது. இன்னும் டைட் செய்தேன். உள்ளே இருப்பது கார்க் பேக்கிங். ஓர் அளவுக்கு மேல் இறுக்கினால் நசுங்கிப் பிதுங்கிவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: ஸ்பேனர் பிடிக்கும்போது நான் பார்க்க நன்றாக இருக்கிறேன்.

அடுத்து, பக்கவாட்டில் ஒரு குழாய் கீழ்நோக்கித் தொங்கியது. அதன் நுனியிலும் எண்ணெய்ப் பிசுக்கு. பனியன் வேஸ்டை உருட்டித் திணித்தேன். நின்றுவிட்டது. அது பிரீதர். என்ஜின் மூச்சு விடுகிற மூக்கு. சிலிண்டரிலிருந்து கீழே இறங்குகிற காற்று வெளியே போக வைத்த வழி. வழியை அடைத்தால் அந்த அழுத்தம் சும்மா இருக்குமா? எங்கே சீல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அந்த வழியாக எண்ணெயைத் தள்ளும். மூன்றாம் நாள் தள்ளியது.

இப்போது சொட்டிய இடம் என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில். கிளட்ச் ஹவுசிங்கின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையில் ஒரு ஸ்ப்ளிட் பின் லொடலொடவென்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பழைய மெக்கானிக் போல்ட் தொலைந்துபோய், அவசரத்துக்குப் பின்னை மாட்டி விட்டிருக்கிறான் என்று எனக்குக் கோபமே வந்தது. 'இப்படித்தான் நம்ம நாட்டில் வேலை பார்க்கிறார்கள்' என்று மச்சானிடம் பத்து நிமிஷம் பேசினேன். பிறகு பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எம்-சீலைப் பிசைந்து ஓட்டையை அடைத்தேன். மேலே கட்டைவிரலால் அழகாக வழித்தும் விட்டேன்.

ஒரு சொட்டு இல்லை. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான். அந்த வாரம் இரண்டு பேர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து என்னிடம் யோசனை கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் இருவரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறையவே இல்லை. குறையாதது மட்டுமா, போன வாரத்தைவிட ஒரு விரல் மேலே நின்றது. மணல் சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று சமதரையில் வைத்தும் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது. மணிமேகலை கையிலிருந்த அட்சய பாத்திரம் நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்து ஆயில் ஊற்ற ஊற்றக் குறைகிற வண்டிதான் உண்டு. ஊற்றாமலே ஏறுகிற வண்டியை வைத்திருப்பவன் எண்ணூரில் நான் ஒருவன்தான் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

நிமிர்ந்த நெஞ்சு ஒரு சனிக்கிழமைக் காலையில் குனிந்தது. அலை கொஞ்சம் முரடாக இருந்தது. ஃபைபர் படகைக் கயிறு கட்டி மாட்டிக் கொடுத்தார்கள். கியர் போட்டுக் கிளட்ச் விட்டேன். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. இன்னும் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். கரை முழுக்கக் கேட்கிற மாதிரி உறுமியது. அதோடு ஏதோ தோசை தீய்கிற வாசனை. கடைசியில் பன்னிரண்டு பேர் 'ஏலேலோ' போட்டுக் கையாலேயே படகை இழுத்தார்கள். இழுத்து முடித்து, அதே மூச்சில் என் டிராக்டரையும் தள்ளிவிட்டார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தோம். எழுபது வயதிருக்கும். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. குனிந்து அடியில் பார்த்தார். எம்-சீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எம்-சீலைப் பார்த்தார்.

"இது யாரு வேல?"

"முன்ன வச்சிருந்தவர் பண்ணியிருப்பாரு போல" என்றேன். மச்சான் கடலைப் பார்த்தான்.

"அவன் கைல கெடச்சா ஒண்ணு உடு" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தார். ஒரு டம்ளர் அளவுக்குக் கறுப்பாக ஊற்றியது. பேக் சீல் கொஞ்சம் கசிந்தாலும் அந்த எண்ணெய் கிளட்ச் தட்டில் படாமல் வெளியே போகத்தான் கம்பெனிக்காரன் ஓட்டை வைத்திருக்கிறான். மணலும் சேறும் அந்த ஓட்டையை அடைத்துவிடாமல் ஆடிக்கொண்டே இருக்கத்தான் அந்த லொடலொடப் பின். முப்பது வருடமாக ஒழுங்காக ஆடிய பின்னை எங்கே எறிந்தேன் என்று தேடிப் பார்த்தேன். மணலில் எறிந்ததைத் தேடுவதற்கும் ஓர் அறிவு வேண்டும்.

பிறகு டிப்ஸ்டிக்கை உருவினார். மூக்கருகே கொண்டுபோனார். என் மூக்கருகேயும் நீட்டினார். தினத்தந்தி ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. அதைச் சுற்றி வெளுப்பாக ஒரு வட்டம் மெல்லப் பரவிக்கொண்டே போனது.

"ஆயில் எங்க நைனா ஏறும்? டீசல் எறங்கிக்கினு கீது."

ஃபீட் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. டேங்கிலிருந்து வருகிற டீசலில் ஒரு பங்கு நேராகச் சம்ப்புக்குள் போயிருக்கிறது. டீசல் கலந்து எண்ணெய் தண்ணீராகி, எல்லாச் சீலிலும் வழிந்திருக்கிறது. என் அட்சய பாத்திரத்தை நிரப்பியது நான் மாதம் முழுக்க பங்கில் கடன் சொல்லிப் போட்ட டீசல்தான்.

அப்புறம் வண்டியை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பாதி ஒரு பக்கம் கட்டை மேல், பின்பாதி ஒரு பக்கம். தெருப் பிள்ளைகள் நடுவில் புகுந்து விளையாடினார்கள். பேக் சீல் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கிராங்கின் பின்முனையைச் சுற்றி, இரண்டு அரைவட்டத்தில் அழுத்தி வைத்த ஒரு கயிறு. இவ்வளவு நாள் வாய் நிறையச் சொன்ன பேக் சீல் ஒரு கயிற்றுத் துண்டு! மேஸ்திரி கணக்குப்படி, பிரீதரை அடைக்காமல் இருந்திருந்தால் அது இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

மேஸ்திரி சொன்ன சாமான்களை வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நானே போனேன். கிளட்ச் தட்டு, கயிறு சீல், டயாப்ரம் கிட், கார்க் பேக்கிங். 'ஸ்ப்ளிட் பின் ஒண்ணு' என்றதும் கடைப் பையன் சிரித்தபடி சும்மாவே கொடுத்தான். செலவை வீட்டில் பாதிதான் சொன்னேன். அந்தப் பாதிக்கே இரண்டு நாள் சாம்பார் மட்டும்.

வண்டி இப்போது ஓடுகிறது. ஓட்டையிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழும். "அது சொட்டுனா உடு. மேல எங்கனா கசியுதான்னு மட்டும் பாரு. சொட்டுற எடம் வேற, கசியுற எடம் வேற" என்று சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. காலையில் சாவி போடுவதற்கு முன் குனிந்து பின்னை ஒரு தட்டுத் தட்டுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஜன்னல் ஏசிக்குப் பின்னால் நேற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடியில் ஒரு சின்ன ஓட்டை தெரிகிறது. மீதி எம்-சீல் அரைப் பாக்கெட் இருந்தது. என் மனைவி எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.