முள்ளெலி கட்டின கை

ஏ தாயி, மிசினை நிறுத்து. காலை மட்டும் நிறுத்தினாப் போதாது, வாயில கவ்வியிருக்கிற குண்டூசியையும் எடு. நான் சொல்லப்போறதுக்கு நீ சிரிப்ப. சிரிச்சா முழுங்கிருவ. பொறவு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "பெரியவரே, அப்படி என்னத்தச் சொன்னீரு?"ன்னு என்னையத்தான் கேப்பாரு.

குத்தம் சொல்லல. டெய்லர்மாரு வாயில ஊசி கவ்வுறது இன்னைக்கு நேத்து வழக்கமில்ல. வீட்டுக்கும் அதுல ஒரு நன்மை இருக்கத்தான் செய்யுது. உன் வாயில நாலு குண்டூசி கிடக்கிற வரைக்கும், உன் மாமியா என்ன சொன்னாலும் "ம்"முன்னுதான பதில் வருது! முகூர்த்த மாசம் முடிஞ்சு ஜாக்கெட் வேலை குறையும்போதுதான் இந்த வீட்டுல சத்தம் கூடுது. நான் திண்ணையில உக்காந்து கணக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இருந்தாலும் உன் ஊசிகளுக்கு இருக்கிற சொத்து இந்த ஊர்ல எவனுக்கும் கிடையாது தாயி. நூல் கோத்த ஊசிக்கு தினசரிக் காலண்டர்ல ஒரு வீடு, அதனாலயே நம்ம வீட்டுல இன்னும் போன வாரம் நடக்குது. ஊக்கு ரெண்டு தாலிக்கொடியில, மூணு வளையல்ல. குண்டூசிக்கு முந்தானை, சன்னல் திரை, மிசின் பலகை, அதுபோக என் பாய். பாயில இருக்கிறது மட்டும் ராத்திரிதான் ஆளை விசாரிக்குது.

அந்த ஊக்கு இருக்கே, அதைச் செஞ்சது வால்ட்டர் ஹண்டுன்னு ஒரு அமெரிக்காக்காரன். 1849-ல காப்புரிமை வாங்கி, 400 டாலருக்கு வித்துட்டுப் போயிட்டான். எதுக்கு? 15 டாலர் கடனை அடைக்க! அதுக்கு முன்னாடியே தையல் மிசின் ஒண்ணும் செஞ்சு பாத்தவன் அவன், அதுக்குக் காப்புரிமையே வாங்கல. கெட்டிக்காரத்தனம் இருந்தும் கைக்காசு தங்காத பயக எல்லா ஊர்லயும் இருக்காங்க. நான் யாரையும் பேர் சொல்லல, உன் மாமனார் உள்ளதான் படுத்திருக்கான்.

உன் புருசன் காலேஜ்ல படிக்கையில சொல்லுவான், ஆடம் ஸ்மித்துன்னு ஒருத்தர் 1776-ல எழுதின பொருளாதாரப் புத்தகமே குண்டூசிப் பட்டறையிலதான் ஆரம்பிக்குதாம். ஒருத்தன் கம்பி இழுக்க, ஒருத்தன் நிமிர்த்த, ஒருத்தன் வெட்ட, ஒருத்தன் கூர் தீட்ட, கொண்டை வைக்க வேற ஆளு. வேலையைப் பதினெட்டாப் பிரிச்சுக்கிட்டா, பத்துப் பேர் ஒரு நாளைக்கு 48,000 ஊசி செஞ்சிரலாமாம். சரி, பத்துப் பேர் சேர்ந்து செஞ்சதை நீ ஒருத்தியா நின்னு தொலைக்கிறியே, உன்னையப் பத்தி எவனாச்சும் புத்தகம் எழுதினானா?

விளக்கு வச்ச பொறவு கடையில ஊசி கேட்டா எவனும் தரமாட்டான். நீ தொலைக்கிறது சரியா விளக்கு வச்ச பொறவு. அதனால காதைக் கொடு, ஒரு யந்திரம் சொல்றேன். சோடா பாட்டில் மூடி ஒண்ணு, பழைய கைக்கடிகார வார் ஒண்ணு, வெட்டுத்துணி ஒரு கை, அப்புறம் உன் தலைமுடி.

முறைக்காத. தலையை மொட்டை போடச் சொல்லல. சீப்புல வர்ற சிக்குமுடியைச் சுருட்டிச் சன்னல் கம்பியில சொருகி வைக்கிறேல்ல, அதைத்தான் கேக்குறேன். அந்தக் காலத்துல சவுரிமுடி வாங்க வர்றவன்ட்ட முடியைக் கொடுத்து ஊசியும் ஊக்கும் வாங்குவாக. இப்ப முடியை நீயே வச்சுக்கோ, ஊசியும் உன்கிட்டயே தங்கும். ஏன் முடின்னா, அதுல தேங்காண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். குத்தி வச்ச ஊசி துருப்பிடிக்காது, துணிக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போகும். இலவம்பஞ்சை அடைச்சேன்னா ஊசி நேரா நிக்காது, சாயும். மரத்தூள்ல நல்லா நிக்கும், ஆனா மழைக்காலத்துல ஈரத்தைக் குடிச்சு ஊசியைச் செம்மண் நிறமாக்கிரும்.

துணியை வட்டமா வெட்டு. மூடியை விட ரெண்டு பங்கு அகலம் இருக்கட்டும். ஓரத்துல நூலோட்டம் ஓட்டி, நடுவுல முடியை வச்சு இழுத்தா சுருக்குப் பையாட்டம் குவியும். முடியை இறுக்கி அமுக்கு, இன்னும் அமுக்கு, உன் மாமியா பேரைச் சொல்லிக்கிட்டே அமுக்குனாலும் நான் கேட்டுக்கிட மாட்டேன். குவிஞ்ச பக்கத்தை மூடிக்குள்ள இறக்கிப் பசை போட்டு ஒட்டு. மூடி எதுக்குன்னு கேக்குறியா? அது இல்லேன்னா வேகத்துல குத்துற ஊசி முடியைத் தாண்டி மணிக்கட்டுக்கே வந்துரும். மூடிக்கு அடியில ரெண்டு பக்கமும் கீறி வாரைக் கோத்து, இடது கையில கட்டிக்கோ. வலது கை கத்தரிக்கோலுக்கு.

ஊசி முழுக்கக் குத்தி முடிச்சதும் பாரு, நம்ம கரிசல் காட்டு முள்ளெலி சுருண்டு படுத்த மாதிரியே இருக்கும். அந்த முள்ளைச் சுட்டுத் தேன்ல குழைச்சுக் கக்குவானுக்குக் கொடுத்த கிழவிக எல்லாம் போயிட்டாக, முள்ளெலியும் இப்பக் கண்ணுல படுறதில்ல. பேராவது உன் கையில இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதைக் கட்டிக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கம் போகாத, பிள்ளையைத் தூக்காத, வேர்வையைத் துடைக்க நெத்திக்குக் கொண்டு போகாத. மூணாவதை நீ மறந்துருவ, நான் சொன்னது அன்னைக்குத்தான் ஞாபகத்துக்கு வரும்.

டப்பா வாங்கி வச்சாப் போதாதான்னு கேப்ப. வாங்கி வச்சிருக்கியே, எத்தனையோ! டப்பா இருக்கிற இடத்துக்குக் கை போகாது தாயி. கை எங்க போகுதோ அங்க டப்பாவைக் கொண்டாந்து கட்டணும். உன் கை வாய்க்குப் போகுது, அதை மணிக்கட்டுல மடக்கிப் பிடிக்கிறோம், அவ்வளவுதான் விசயம்.

தரையில சிந்துறதுக்கு வேற வைத்தியம். பரண்ல செத்த ரேடியோ கிடக்குல்ல, அதோட ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கும், கழட்டு. முதல்ல எவர்சில்வர் கிண்ணியில ஒட்டிப் பாரு. ஒட்டுச்சுன்னா அந்தக் கிண்ணி வேண்டாம், காந்தத்தோட இழுப்பைத் தானே வாங்கிக்கிடும். ஒட்டாத கிண்ணிக்கு உள்ள காந்தத்தை வச்சுப் பிடிச்சுக்கிட்டு, கிண்ணியோட அடியால தரையில தடவு. ஊசியெல்லாம் கிண்ணிக்குள்ள வராது, அடிப்பக்கம் வந்து தொங்கும். காந்தத்தைத் தனியா இழுத்தா பொலபொலன்னு உதிரும். அப்படியே காந்தத்து மேலயே போட்டு வச்சேன்னா ஊசியும் கொஞ்சம் காந்தமாகி, ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் வாலைப் பிடிச்சுக்கிட்டு வரும். ஊசியைக் காந்தம் இழுக்கும்னு பழமொழி சொன்னவன் பித்தளை ஊசியைப் பாக்கல, அதை நீதான் குனிஞ்சு பொறுக்கணும். ஏ.டி.எம். கார்டை மட்டும் அந்தக் காந்தத்துக்குப் பக்கத்துல வைக்காத.

இன்னொரு லாபமும் இருக்கு, அதை மெதுவாச் சொல்றேன். காதற்ற ஊசியைப் பாத்துப் பட்டினத்தார் துறவு போனார்னு கதை. உன் புருசனோ காதுள்ள ஊசி கிடைக்கலன்னு சொல்லியே ஆறு மாசமாப் பித்தான் இல்லாத சட்டையோட சாமியார் மாதிரி திரியிறான். அவனுக்குக் கை இல்லையா, கண்ணு இல்லையா? ஊசி எங்க இருக்குன்னு தெரியாதுங்கிற ஒரு சாக்குதான். முள்ளெலியைக் கழட்டி அவன் மடியில வையி. பொறவு பாரு, அய்யா நூல் கோக்குறதுக்குக் கண்ணாடி இல்லைம்பான். கண்ணாடி நான் தர்றேன்.

எனக்குக் கூலி எல்லாம் வேண்டாம். கொடியில கிடக்கிற அந்த நாலு முழ வேட்டிக்கு ஓரம் மட்டும் அடிச்சுக் கொடு. அடிச்ச பொறவு, குத்தின குண்டூசியை எண்ணி எடுத்துட்டுக் கொடு. போன தடவை நீ ஓரம் அடிச்சுக் கொடுத்ததைக் கட்டிக்கிட்டுத்தான் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனேன். உக்காந்த வேகத்துல எந்திரிச்சுட்டேன். தாத்தா ஏதோ ஆட்சேபம் சொல்றாருன்னு தீர்மானத்தையே தள்ளி வச்சுட்டாங்க.