தாவரவியலா? வேணாம்டா பேராண்டி!

வா பேராண்டி, குந்து. கல்பாக்கம் அணு ஆபீசுக்காரங்க இருக்கிற அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல பொறந்துட்டு தாவரவியல் எடுத்துக்கினியாமே? நீட்டுல மார்க்கு வரலன்னுதான் அதுல சேர்ந்தான்னு உங்க அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா.

நானும் வேணாம்னுதான் சொல்லுவேன். அந்தப் படிப்பு ஆளைக் கெடுத்துடும். எம்.எஸ். சுவாமிநாதன் கதை தெரியுமில்ல? கும்பகோணத்துக்காரரு, ஐ.பி.எஸ். தேறியாச்சு. தொப்பியும் லத்தியுமா ஜீப்புல போவாம, நெதர்லாந்துல உருளைக்கிழங்கு ஆராய்ச்சின்னு கெளம்பிட்டாரு. பொழைக்கத் தெரியாத மனுசன்! 2024ல பாரத ரத்னா குடுத்தாங்க, அதைக் கணக்குல சேர்க்காத.

ஜானகி அம்மாள்னு ஒரு தலச்சேரி அம்மா. ராணி மேரி கல்லூரியில படிச்சு, மிச்சிகன்ல 1931ல டாக்டர் பட்டம். நீட்டு டாக்டர் இல்லடா, அது வேற. கோயம்புத்தூர் கரும்பு நிலையத்துல கரும்புக்கும் மூங்கிலுக்கும் கல்யாணம் கட்டி வச்சாங்க. தான் மட்டும் கட்டிக்கல. 1984ல மதுரவாயல்ல கண்ணை மூடுற வரைக்கும் செடிதான் சொந்தம்.

அணு ஆபீசுல செடிக்கு என்னா வேலைன்னு உங்கப்பன் கேப்பான். மும்பை ட்ராம்பேயில அணு ஆபீசு ஆளுங்கதான் விதைக்குக் கதிர்வீச்சு காட்டி அறுவதுக்கு மேல ரகம் எடுத்து விட்டிருக்காங்க. டேக் 24 வேர்க்கடலை அவங்களுதுதான்.

சரி, ஈசிஆர் ஓரத்துல நம்ம சவுக்குத் தோப்பு இருக்கே, அங்க மூணு வருசம் பி.எஸ்ஸி. படிச்ச பயல் ஒருத்தன் வந்தான். இதுல இலை எதுடான்னேன். ஊசியக் காட்னான்! அது கிளைடா. கணுவுல புடிச்சு இழுத்தா துண்டு துண்டா கழண்டுக்கும். அந்தக் கணுவைச் சுத்திப் பல்லு பல்லா பொடிசா இருக்கு பாரு, அதான் இலை. கன்னைப் புடுங்கினா வேருல முண்டு முண்டா கொத்து இருக்கும். உள்ள பிராங்கியான்னு ஒரு நுண்ணுயிர். காத்துல இருக்கிற தழைச்சத்தைப் புடிச்சு மரத்துக்குக் குடுக்குது. வெறும் மணல்ல, உப்புக்காத்துல யூரியா இல்லாம அது நிக்கிற ரகசியம் அதான். நோட்ஸ் ஜெராக்ஸ்ல இதெல்லாம் தெரியாது கண்ணு.

வேலையா? பி.எஸ்ஸி.யோட நின்னா உரக்கடையில பில்லு போடலாம், ஏசி இருந்தாலும் இருக்கும். எம்.எஸ்ஸி., பி.எட். முடிச்சா டிஆர்பி எழுதி வாத்தியாராவலாம், பரீட்சை வர்ற வரைக்கும் தாடி வளக்கலாம். வனப்பணிப் பரீட்சைக்கு இந்தப் பட்டம் போதும். கப்பல்லயும் ஏரோப்ளேன்லயும் வர்ற விதையில பூச்சி, நோவு இருக்கான்னு பாக்க மீனம்பாக்கத்துல ஆபீஸ் இருக்கு. கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்துல சவுக்குக்கே புது ரகம் எடுக்கறாங்க. திசு வாழைக் கம்பெனி இருக்கு, விதைக் கம்பெனி இருக்கு. ஆனா எல்லாத்துலயும் மெதுவாத்தான் காசு பாக்கலாம். தீபாவளிக்கு பைக் வேணும்னா இப்பவே வேற காலேஜ் பாரு.

இல்ல, படிச்சே தீருவேன்றியா? அப்போ லீவுல திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரைக்குப் போ. இருளர் பொம்பளைங்க சங்கம் வச்சு மூலிகை வளக்கறாங்க. பட்டம் இல்லாத ப்ரொபசருங்க, கசக்கி மோந்தே பேரு சொல்லிடுவாங்க. போறப்ப வெத்தலை பாக்கு வாங்கிக்கினு போ. அந்த வெத்தலைக்கு லத்தீன் பேரு என்னான்னு மட்டும் அங்க ஆரம்பிச்சுடாத, தொரத்திடுவாங்க.