துவக்குக்கு லைசென்ஸ், ஆளுக்குப் பாஸ்

ஐயாவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. இணுவிலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. புகையிலைத் தோட்டத்துக்கு எந்த மிருகம் வரப்போகிறது? வாழைக்குலைக்கு வௌவாலும் கிளியும் வரும்; பழைய தகரத்தைத் தட்டினால் போய்விடும். துவக்கு வாங்கியது கிளிநொச்சி வயலுக்காக. இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்தார் காடு வெட்டிக் குடியேறிய பக்கம் அது. காட்டுப்பன்றிகளும் அதே குளத்தை நம்பித்தான் இருந்தன. எத்தனை பன்றி சுட்டீர்கள் என்று கேட்டால் ஐயா, "வெருட்டினனான்" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

துவக்கைவிட அதன் லைசென்ஸுக்குத்தான் வீட்டில் மரியாதை அதிகம். காணி உறுதிகளோடு ஒரே பெட்டியில் இருக்கும். 1916இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டப்படி அது ஆண்டு முடிவில் காலாவதியாகும். ஆகவே வருடக் கடைசியில் ஐயா சலவை வேட்டி கட்டி, சால்வை போட்டு, காங்கேசன்துறை வீதியில் பஸ் ஏறிக் கச்சேரிக்குப் போவார். அதற்கு முன் விதானையாரைக் காண வேண்டும். விதானைமாரை 1963இலேயே ஒழித்துக் கிராமசேவகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஐயா அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வந்தவர் யாராக இருந்தாலும் விதானையார்தான். "இன்னார் நல்லொழுக்கமுள்ளவர், குழப்படி இல்லாதவர்" என்று அவர் எழுத வேண்டும். அவருக்கும் ஐயாவுக்கும் வேலித் தகராறு இருந்த வருடங்களில் அந்த வசனம் சற்றுத் தாமதமாக வரும். வந்தே தீரும்.

எண்பதுகளில் ஓர் இரவு இயக்கப் பெடியள் வந்தார்கள். "ஐயா, உங்கட துவக்கை ஒருக்கால் தாங்கோ." மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஐயா எடுத்துக் கொடுத்தார். பிறகு லைசென்ஸையும் நீட்டினார், வழியில் பொலிஸ் மறித்தால் தேவைப்படும் என்று. அவர்கள் சிரித்துக்கொண்டு அதை விட்டுப் போனார்கள். விடிந்ததும் பொலிஸில் முறைப்பாடு. யார் எடுத்தது என்று கேட்டதற்கு ஐயா சொன்ன பதில்: "இருட்டு."

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நடமாடிய துவக்குகளுக்குக் கணக்கில்லை. எதற்கும் விதானையார் நற்சான்று எழுதியதாகத் தெரியவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆயுதங்களை 72 மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று வந்தபோது ஐயா பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "உதுக்குள்ள என்ர சாமானும் இருக்குமோ?" அம்மா அடுப்படியிலிருந்து, வாயை மூடச் சொன்னா.

துவக்குக்கு லைசென்ஸ் கேட்ட காலம் போய், துவக்கு வைத்திருந்தவர்கள் எங்களிடம் லைசென்ஸ் கேட்கும் காலம் வந்தது. அடையாள அட்டை, குடும்ப அட்டை. தொண்ணூறுகளின் முற்பாதியில் குடாநாட்டைவிட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள். இடம்பெயர்ந்து 1996இல் திரும்பி வந்தால் இராணுவத்தின் பதிவு. 2006இல் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு கப்பலேறக் கிளியரன்ஸ். ஒழுக்கமுள்ளவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க வெறுங்கையோடு நின்றவனுக்கே. கொழும்புக்குப் போனால் அங்கே பொலிஸ் பதிவு.

இப்போது ஊரில் வாள்வெட்டு. வாளுக்கு எந்தக் கச்சேரியும் லைசென்ஸ் கொடுப்பதில்லை, மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் விண்ணப்பிப்பதும் இல்லை. இந்த நிலையில், 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. ஐயா இருந்திருந்தால் வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பார், லைசென்ஸை மட்டும் கொடுக்க.

டொரொன்டோவிலிருந்து எட்மன்டனுக்கு வேலை மாறிப் போன என் மருமகன், தங்கச்சியின் மகன், அங்கே எல்லாரும் மான் வேட்டைக்குப் போகிறார்கள், தானும் துவக்குக்கு எழுதிப் போடப்போகிறேன் என்றான். படிவத்தை வாட்ஸப்பில் வாசித்துக் காட்டினான். முதலில் பாதுகாப்பு வகுப்பு, சோதனை. மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேரின் சாட்சி. புதிதாக எடுப்பவர் 28 நாள் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், வீடு மாறினால் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வண்டியில் கொண்டுபோகும்போது தோட்டா போட்டிருக்கக் கூடாது. இடுப்பில் சொருகிக்கொண்டு திரிய அனுமதி கேட்டால் அநேகமாக எவருக்கும் கிடையாது. கைத்துப்பாக்கி வாங்குவதையே 2022 ஒக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: இரண்டு வருடத்துக்குள் வேலை போனதா, கடனில் முறிந்தீரா, மணவாழ்வு பிரிந்ததா? எங்கள் ஊரில் துவக்குத் தூக்கிய எவரிடமாவது இதைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டவருக்குத்தான் நடந்திருக்கும்.

"எல்லாம் சரி மாமா, மனுசியும் ஒப்பமிட வேணுமாம். இல்லையெண்டால் அவையளே அவவுக்கு அறிவிப்பினமாம்."

மனுசியும் இணுவில்தான். தொண்ணூறுகளில் பங்கருக்குள் இருந்து எழுத்துப் படித்த பிள்ளை. விதானையாரைச் சரிக்கட்டலாம், இவளைச் சரிக்கட்ட முடியாது. "இறைச்சி வேணுமெண்டால் கடையில இருக்கு" என்றாளாம்.

இப்போது மீன் பிடிக்கப் போகிறான். அதற்கும் அங்கே லைசென்ஸ் வேண்டும். காசு கட்டியது அவள்.