ஹென்ஸ்மனும் மேதரும் நானும்

இங்கிலாந்துக்காரருக்குக் குடும்பப் பெயர் பின்னால் வரும். எங்களுக்கு அப்பா முன்னால் வருவார், அதுவும் ஒற்றை எழுத்தாக, பக்கத்தில் ஒரு புள்ளியோடு. உயிரோடு இருந்தபோது வீடு முழுக்க அதட்டித் திரிந்த மனுசன், மகனின் பெயரில் ஓர் எழுத்துக்கு மேல் இடம் கேட்கவில்லை. இது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். கொட்டாஞ்சேனைப் பெரியம்மா விடவில்லை.

பெரியம்மா புகுந்த வீட்டுக்கு ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் மச்சான்மார் வழக்கறிஞரோடு வந்து நிற்பார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். அவ இருப்பது கொழும்பு ஜம்பட்டா வீதிப் பக்கம். சுற்றிவர பெர்னாண்டோ, பெரேரா, கொரேரா. போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்ந்து தலையில் விழுந்த பெயர்கள். சாந்த லூசியா தேவாலயத்து வாசலில் நின்று "பெர்னாண்டோ" என்று கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அவர்களுக்கு நடுவில் தன்னுடையது தனி இங்கிலீஷ் பெயர் என்பதில் பெரியம்மாவுக்கு அப்படியொரு பெருமை. வெள்ளவத்தைக்கு வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தவுடனே தொடங்கிவிடுவா. "உங்களுக்கென்ன, ஒரு 'கே' தானே. எங்கட பரம்பரைப் பேர்."

எந்தப் பரம்பரை என்று பார்க்கப் போனேன்.

1066இல் நோர்மன்காரர் வந்து இறங்கும்வரை இங்கிலாந்தின் சாதாரண சனத்துக்குப் பரம்பரைப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஜோன் என்றால் ஜோன், அவ்வளவுதான். பிறகு காணிக் கணக்கு, நீதிமன்றப் பதிவு, 1377இலிருந்து தலைவரி என்று எழுதுவினைஞர்கள் பெருகினார்கள். ஊரில் இருக்கிற ஜோன்களை வேறுபடுத்தினால்தானே வரி வாங்கலாம்? இரும்படிக்கிற ஜோன் ஸ்மித் ஆனான். துணி தைக்கிறவன் டெய்லர், பீப்பாய் செய்கிறவன் கூப்பர், ரிச்சர்டின் மகன் ரிச்சர்ட்சன். தொழிலும் தகப்பனும் சரிவராத இடத்தில் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டார்கள். தகப்பன் இரும்படித்ததால் வந்த பெயரை, மகன் ரொட்டி சுட்டாலும் விட முடியவில்லை.

இப்போது எங்கள் ஆட்களிடம், யாழ்ப்பாணத்து மேதர்மாரிடமும் ஹென்ஸ்மன்மாரிடமும் வருவோம். மேதர் என்றால் பழைய ஆங்கிலத்தில் புல் அறுப்பவன். அமெரிக்காவில் அது பெரிய போதகர் குடும்பத்தின் பெயர். 1635இல் லங்காஷயரிலிருந்து அங்கே போனவரின் பேரன்தான், சேலம் நகரத்துச் சூனிய வழக்குகளில் பெயர் அடிபட்ட கொட்டன் மேதர். யாழ்ப்பாணத்தில் செய்வினை எடுக்கிறவர்களுக்கு இவரைத் தெரியாமல் போனது நல்லதாய்ப் போயிற்று.

ஹென்ஸ்மன் என்றால் குதிரை பார்க்கிறவன். எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் நெடுந்தீவில்தான். இன்றைக்கும் அவை அங்கே பராமரிப்பாரின்றி வெளியில் திரிகின்றன. ஹென்ஸ்மன்மார் எல்லாரும் டாக்டராகவும் வாத்தியாராகவும் போய்விட்டால் குதிரையை ஆர் பார்ப்பது? சென்னை தியாகராய நகரில் ஹென்ஸ்மன் ரோடு என்றே ஒன்று இருந்தது. கவிஞர் கண்ணதாசன் குடியிருந்த தெரு அது. இப்போது கண்ணதாசன் சாலை.

புல் அறுக்காத மேதரும் குதிரை மேய்க்காத ஹென்ஸ்மனும் எப்படி வந்தார்கள்? 1816இல் அமெரிக்கன் மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி. பிள்ளைகளை விடுதியில் வைத்துச் சோறு போட்டுப் படிப்பிக்கக் காசு வேண்டும். அமெரிக்காவில் ஒரு சபையோ, பெண்கள் சங்கமோ, ஒரு தனவந்தரோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற உரிமையும் அவர்களுக்கு. அவர்கள் தங்கள் போதகரின் பெயரை, செத்துப்போன சித்தப்பாவின் பெயரை எழுதி அனுப்புவார்கள். இங்கே வேட்டியோடு நிற்கிற பொடியன் அன்றிலிருந்து இன்னொரு கண்டத்துச் சித்தப்பா. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் பாட்டன் செய்த தொழிலைச் சொல்லும். எங்களிடம் அது பள்ளிக்கூடக் காசு கட்டிய பற்றுச்சீட்டு.

கண்டுபிடிப்பைப் பெரியம்மாவிடம் வெற்றியோடு சொன்னேன். அவ தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னா: "அப்ப எங்கட பேருக்கு ஆரோ ஒருத்தன் அமெரிக்காவில காசு கட்டியிருக்கிறான். உன்ர பேருக்கு ஆர் கட்டினது?"

மிஷனுக்கும் அந்த முதலீட்டில் எதிர்பார்த்த வட்டி வரவில்லை. செமினறியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு வேதாகமத்தை விட்டுவிட்டுத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சில் ஏற்றினார். அவருடைய மகன் அழகசுந்தரமோ எதிர்த் திசையில் நடந்து பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். கிங்ஸ்பெரி என்றால் அரசனின் கோட்டை. வெம்பிளிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. எங்கள் சனம் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் கதை இன்னும் ருசி. மிஷன் கொடுத்த நெவின்ஸ் என்ற பெயரோடேயே அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை போய் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதிபராக உட்கார்ந்தார். கோகுலாஷ்டமிக்கும் குலாம் காதருக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் மனிதரைவிட ஒழுங்கைகளுக்குத்தான் இங்கிலீஷ் குடும்பப் பெயர் அதிகம். ஹம்டன் லேன், மானிங் பிளேஸ், கொலிங்வூட் பிளேஸ். எனக்குப் பிடித்தது பெனிகுயிக் ரோட். எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்த பெயர். குயில் குன்று என்பது அதன் பொருள். எங்கள் வீதியில் குயிலும் இல்லை, குன்றும் இல்லை, முச்சக்கர வண்டிகள்தான். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த பென்னிகுயிக்கும் அதே பெயர்க்காரர். இந்த வீதியின் சொந்தக்காரர் அவர்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் தேனிப் பக்கத்துச் சனம் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறது. காசு வாங்காமல், தண்ணீருக்காக.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. ஒண்டாச்சி குடும்பத்தின் முதல் ஆள் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்கு வந்த வைத்தியர் என்பார்கள். ஒல்லாந்தர் எழுத்துக்கூட்டியதில் அது Ondaatje என்று ஆகி, 1992இல் மைக்கேல் ஒண்டாச்சிக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது உலகம் முழுவதும் அதை உச்சரிக்கத் தெரியாமல் திண்டாடியது.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. எழுதுவினைஞர்கள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அண்ணா கனடாவுக்குப் போனபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். 'கே' போதாது என்றார்கள். அப்பாவை விரித்து 'கந்தசாமி' என்று எழுதினார். அன்றைக்கே அண்ணியும் மிஸிஸ் கந்தசாமி ஆகிவிட்டா. அது தன்னுடைய பட்டம் என்று அம்மா கடைசிவரை முணுமுணுத்தா. தம்பி லண்டனுக்குப் போனான். அங்கே இருந்த அதிகாரி அவனுடைய சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். கடதாசியின்படி என் அண்ணாவுக்கும் தம்பிக்கும் ஒரு உறவும் இல்லை. ரொறன்ரோவில் கந்தசாமி வம்சம் மூன்றாம் தலைமுறையில் நடக்கிறது. தெகிவளைக்கு அப்பால் போவதென்றாலே குடையும் கோபமும் எடுத்துக்கொண்டு புறப்படுகிற மனுசன், பனி விழுகிற நாட்டில் ஒரு குலத்தின் மூலபுருஷர்.

போன மாதம் அண்ணாவின் பேத்தி தொலைபேசியில் வந்தாள். வகுப்பில் எல்லாரும் தங்கள் குடும்பப் பெயரின் கதையைச் சொல்ல வேண்டுமாம். அவளுடைய சிநேகிதி ஸ்மித், இரும்படித்த கதையோடு தயாராக இருக்கிறாளாம்.

"தாத்தா, கந்தசாமி எண்டால் என்ன வேலை?"

"கோட்டையில கிளாக்கர்" என்றேன்.

"கோட்டையா? ராசா இருந்த கோட்டையா?"

"ஓம்" என்றேன். எழுதிக்கொண்டாள்.