இடுப்பு தாங்கும், ரிசர்வ் வங்கி தாங்காது

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று சம்பாதிக்கப் போனவர்கள் ஏராளம். இப்போது அவர்களைப் பார்க்க அப்பா, அம்மா, மாமியார் என்று இன்னொரு கூட்டம் விமானம் ஏறுகிறது. இந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் முழுக்கப் பணத்தில்தான்.

கே: மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன். கார்டெல்லாம் நம்பிக்கையில்லை. மொத்தப் பணத்தையும் டாலராக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சின்னசேலம்

ப: இடுப்பு தாங்கும், ரிசர்வ் வங்கி தாங்காது. ஒருசில நாடுகள் நீங்கலாக, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குத்தான் நோட்டாகத் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டில்தான். வாங்கும்போதும் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நீட்ட முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும்.

இதற்கே ஆசிரியர் முகம் சுளித்தால், 1970களை நினைத்துக்கொள்ளலாம். அப்போது வெளிநாடு போகும் சாதாரண இந்தியருக்குக் கிடைத்தது எட்டு டாலர். அந்தக் காலத்தில்தான் ஒசாகாவின் எக்ஸ்போ 70-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படமானது. எட்டு டாலரில் வாலிபன் மீனம்பாக்கத்தைத் தாண்டியிருப்பாரா என்பதே சந்தேகம். இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், எடுத்துப் போகலாம். 2025 ஏப்ரல் முதல், இப்படி அனுப்புவது ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், தாண்டிய தொகைக்கு முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஆக, டாக்சிக்கும் டீக்கும் இரண்டு மூன்று நாளுக்கான நோட்டு, மீதி இரண்டு கார்டில். இரண்டு கார்டும் ஒரே பர்சில் இருந்தால் அது ஒரு கார்டுதான்.

கே: விமான நிலையத்தில் ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய போர்டு. தர்மத்துக்கா கடை வைத்திருக்கிறார்கள்?
– மரவள்ளி விவசாயி, கச்சிராயபாளையம்

ப: இவருக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. ஆலையில் கிழங்குக்கு நல்ல விலை சொல்லிவிட்டு, பிறகு பாயிண்ட் குறைவு, மண் கழிவு என்று தட்டுவார்களே, அதே வித்தை. பணமாற்றுக் கடையில் இரண்டு விலை தொங்கும்: அவர்கள் விற்கும் விலை, வாங்கும் விலை. சந்தை விலை 100 ரூபாயாக இருக்கும் ஒரு நோட்டை 105-க்கு விற்று, மீந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் 95-க்கு வாங்கினால், போக வர பத்து ரூபாய் போச்சு. கமிஷன் மட்டும் நிஜமாகவே இல்லை.

பயணத்தில் பெரும்பாலானவர்கள் இழக்கும் பணம் பிக்பாக்கெட்டில் போவதில்லை, இந்த இடைவெளியில்தான் போகிறது. எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “என் கையிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகும், எத்தனை டாலர் வரும்?” செல்போனில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டால் எதிரில் இருப்பவரின் குரலே மாறும். ஜிஎஸ்டியும் உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை: 50,000 ரூபாய் மாற்றினால் 90 ரூபாய். எவ்வளவு குறைவாக மாற்றினாலும் 45 ரூபாய்.

இந்திய நோட்டாகவே 25,000 ரூபாய் வரை வெளியே எடுத்துப்போக அனுமதி உண்டு. சிங்கப்பூரில் செரங்கூன் ரோடு, முஸ்தபா பக்கமெல்லாம் ரூபாயை மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த நாட்டு நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற கடைதானா என்று பார்த்து, இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு மாற்றுவது புத்திசாலித்தனம். பக்கத்துப் பக்கத்துக் கடையிலேயே விலை வேறாக இருக்கும்.

கே: கடையில் கார்டைச் செருகியதும் மிஷின் “ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?” என்று கேட்டது. நம்ம பணத்திலேயே கேட்கிறதே என்று சந்தோஷமாக ரூபாயை அமுக்கினேன். சரிதானே?
– ஒரு பாட்டி, சங்கராபுரம்

ப: பாட்டியின் தேசபக்தி வாழ்க, பர்சுக்குத்தான் அடி. ரூபாயை அமுக்கினால், மாற்று விலையை முடிவு செய்வது அந்தக் கடையின் மிஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது சந்தை விலைக்கு மேல் நாலைந்து சதவீதம் சேர்ப்பது சகஜம். உள்ளூர்ப் பணத்தை அமுக்கினால் விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் மொத்த விலையில் கணக்காகும். இந்தியக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அதன்மேல் மூன்றரை சதவீதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம் வரும் என்பது உண்மை. ஆனால் ரூபாயை அமுக்கினால் அது தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. சில நேரம் இரண்டு பக்கமும் அடி.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். முன்பே டாலர் நிரப்பிய பயணக் கார்டு என்றால் நிரப்பும் அன்றே விலை முடிவாகிவிடும். நாலு வாரப் பயணத்துக்கு அது நிம்மதி. ஆனால் சிங்கப்பூர் டாலர் நிரப்பிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் மறுபடி மாற்றுக் கட்டணம் விழும்.

கே: கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் காசு எடுக்கலாமா?
– கடை உரிமையாளர், தியாகதுருகம்

ப: எடுக்கலாம். எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி. கந்துவட்டிக்காரர் வாட்ஸ்அப்பில் வந்து சிரிப்பார்.

கே: எங்கள் மலையில் வீட்டு வாசலில் நின்றாலே ஓடிபி வராது. கோலாலம்பூரில் எப்படி வரும்?
– ஒரு வாசகர், வெள்ளிமலை, கல்வராயன்மலை

ப: கோலாலம்பூரில் மரத்தில் ஏறாமலே வரும், இந்திய சிம்மைக் கழற்றாமல் இருந்தால். உள்ளூர் சிம் போட்ட உற்சாகத்தில் நம்மூர் சிம்மைத் தீப்பெட்டிக்குள் போட்டு, அதையும் தொலைத்துவிடுகிறார்கள். கிளம்பும் முன்பே ரோமிங்கைச் செயல்படுத்தி, இரண்டாவது சிம்மாக வைத்துக்கொள்வது நல்லது. டேட்டாவை மட்டும் அணைத்துவிட வேண்டும். குறுஞ்செய்தி வருவதற்குப் பெரும்பாலும் காசில்லை.

இன்னொன்றையும் விமானம் ஏறும் முன்பே முடிக்க வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர்தான் செயலியில் திறக்க வேண்டும். வரம்பும் வைக்கலாம், திரும்பியதும் மூடிவிடலாம். சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து, கரியாலூரிலோ கள்ளக்குறிச்சியிலோ, இதைச் செய்துவிட்டால் அங்கே போய்த் தவிக்க வேண்டாம்.

கே: ஜிபே இருந்தால் போதும் என்கிறான் பேரன். நம்பலாமா?
– திருக்கோவிலூர் தாத்தா

ப: பேரன் பாதி சரி. இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி 12 முதல் யூபிஐ இருக்கிறது; அதே மாதம் ஈபிள் கோபுரத்திலும் வந்தது. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, ரகசிய எண்ணைப் போடும் முன் எத்தனை ரூபாய் போகிறது என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய யூபிஐ–பேநவ் இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப. அதை நம்பி அங்கே ஒட்டியிருக்கும் எல்லா க்யூஆரையும் ஸ்கேன் செய்தால் கடைக்காரரும் தாத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கே: கார்டு தொலைந்தால்?
– உளுந்தூர்பேட்டை வாசகி

ப: முதலில் செயலியில் கார்டை முடக்குவது, பிறகு அழுவது. 1800-இல் தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91 போட்ட எண்ணைக் காகிதத்தில் எழுதி, பர்சில் அல்லாமல் பெட்டியில் வைக்க வேண்டும். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

கே: பாரிஸ் போய்வந்தேன். கொஞ்சம் யூரோ நோட்டும் ஒரு கைப்பிடிச் சில்லறையும் மீந்தன. வைத்துக்கொண்டால் குற்றமா?
– மரச்சிற்பி, கள்ளக்குறிச்சி

ப: 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதைத் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சில்லறைக்கு மட்டும் வரம்பே இல்லை, மூட்டையாகவும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தாராளத்துக்குக் காரணம் தேட வேண்டாம். இங்கே மாற்றுக் கடைகள் அதைத் தொடுவதில்லை. அடுத்த முறை பாரிஸ் விமான நிலையத்திலேயே காபி குடித்துத் தீர்த்துவிட்டு வரலாம். அந்த விலைக்குக் கைப்பிடிச் சில்லறை போதுமா என்பதைச் சிற்பிதான் எழுதித் தெரிவிக்க வேண்டும்.